அஞ்சலையின் மீன்தூள் நல்ல மீன்தூள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பெரிய மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்கதானே பேப்பர்ல பத்தி எழுதற கணக்கு வாத்தியாரு?" என்றார்.

ஆமாம் என்றேன். இந்தக் கேள்வி வந்தால் போதும், எனக்கு நெஞ்சு ஒரு அங்குலம் முன்னால் வந்து நிற்கும். வயது நாற்பத்தேழு ஆகியும் இந்தப் புத்தி போகவில்லை.

"நான் முத்தியால்பேட்டைங்க. வாரந்தவறாம படிக்கிறேன். உங்க வீட்டம்மா மாதிரியே நானும் அம்பது குஞ்சு வாங்கி வுட்டிருக்கேன். வெள்ளிக்கிழம கோயில்ல அவங்கள பாத்தேன். குஞ்செல்லாம் செத்தது மீன்தூளாலதான்னு சொன்னாங்க. நானும் அந்த அஞ்சலகிட்டதான் வாங்கிக்கிட்டிருந்தேன். நல்லவேளைங்க, நிறுத்திட்டேன். எங்க தெருவுல இன்னும் ரெண்டு வீட்டுலயும் சொல்லி நிறுத்திட்டேன். உங்களுக்குப் புண்ணியம்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அம்மா, அது மீன்தூள் இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அது மீன்தூள் இல்லை. அந்த மார்க்கெட்டில் – ஏன், இந்தப் புதுச்சேரியிலேயே – அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

"அப்படியா... சந்தோஷம்" என்றேன்.

கத்தரிக்காய் வாங்காமலே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

இந்த வாரம் நம் ஊர் முனிசிபல் குழாய்களைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அது கிடக்கட்டும். குழாய் எங்கே ஓடிப்போகிறது? இதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன்.

நூற்றைம்பது கோழிக்குஞ்சுகள் எங்கள் வீட்டுக்கு வந்த கதையை இந்தப் பக்கத்தில் மூன்று வாரத்துக்கு முன்னால் எழுதியிருந்தேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் மனைவி தனத்துக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது. அதில் ஒரு கொட்டகை போட்டு, சீமைக்கோழி வளர்த்து, முட்டை விற்க வேண்டும். ஊரில் இப்போது பலரும் செய்கிறார்கள். நாலைந்து வருஷம் நான் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றேன். ஒருநாள் அவளே போய் கால்நடை ஆபீஸில் பேசிவிட்டு வந்தாள்.

குஞ்சுகள் ரயிலில் வந்தன. ஓட்டை போட்ட அட்டைப் பெட்டிகளில், பிறந்து ஒரு நாள்தான் ஆன வெள்ளை லெகார்ன். ரிக்‌ஷாவில் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு வந்தோம். ரயிலடியிலிருந்து வீடு வரைக்கும் எங்கள் இரண்டு பேர் மடியும் கீச்சுக்கீச்சு என்று கத்திக்கொண்டே வந்தது. தெருவில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

தாய்க்கோழி இல்லாத குஞ்சு. அதற்கு அம்மா யார்? ஒரு தகரக் கூரைதான். பெரிய குடை மாதிரி வளைத்த தகரத்தை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டோம். அதன் அடியில் இரண்டு அரிக்கேன் விளக்கு. சுற்றிலும் பாயை வட்டமாக நிறுத்தி வேலி. தரையில் உமி. இதற்கு இங்கிலீஷில் புரூடர் என்று பெயர். தனம் ஒவ்வொரு குஞ்சாகக் கையில் எடுத்து, அலகைத் தண்ணீரில் லேசாக நனைத்து, தகரத்தின் அடியில் விட்டாள். நூற்றைம்பதையும் அப்படித்தான் விட்டாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த களையை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை... கோபித்துக்கொள்ளப் போகிறாள், இருந்தாலும் உண்மை.

முதல் இரண்டு நாள் குஞ்சுகள் உமியைத் தின்றுவிடாமல் இருக்க, மேலே பேப்பர் விரிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பேப்பருக்கு என்ன பஞ்சம்? என் பத்தி வந்த பழைய இதழ்களைத்தான் விரித்தோம். என் எழுத்தைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகக் கருத்துச் சொன்னவர்களை நான் அதுவரை சந்தித்ததில்லை.

சரி, அஞ்சலைக்கு வருகிறேன்.

அஞ்சலை ஆற்றுக்கு அந்தப் பக்கம், அரியாங்குப்பத்தில் இருக்கிறாள். பதினைந்து வருஷமாக எங்கள் தெருவில் தலையில் கூடை வைத்து மீன் விற்றவள். போன வருஷம் முழங்கால் பிடித்துக்கொண்டது. கூடையோடு நடக்க முடியவில்லை. குஞ்சுகளுக்குத் தீனியோடு மீன்தூள் கலக்க வேண்டும் என்று ஊரில் பேச்சு வந்ததும் அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. நெத்திலியையும் காரப்பொடி மீனையும் உப்புப் போடாமல் காயவைத்து, உரலில் இடித்து, சலித்து, பையில் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுக்க ஆரம்பித்தாள். மீன் கூடைக்கு மீன்தூள் பை லேசு. முழங்கால் தாங்கும். ஏழெட்டு வீடு பிடித்துவிட்டாள்.

எங்கள் கொட்டகையில் காலையும் மாலையும் விளக்கைப் பார்த்துக்கொள்ளவும் தீனி வைக்கவும் அவளைத்தான் தனம் கேட்டாள். கூலி பேசவில்லை. எங்கள் பக்கத்தில் கோழி, ஆடு எல்லாம் பங்கு வாரத்துக்கு விடுவார்கள். வளர்க்கிறவருக்கும் ஒரு பங்கு. குஞ்சுகள் வளர்ந்து முட்டைக்கு வந்ததும் இருபது பெட்டைக்கோழி அஞ்சலைக்கு என்று பேச்சு. "இருபது கோழி இருந்தா நான் ஏன் தெருத்தெருவா நடக்கறேன்" என்றாள் அவள்.

இனிமேல்தான் நான் வருகிறேன்.

கால்நடை ஆபீஸில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள், இங்கிலீஷில். தனம் அதை என்னிடம் கொடுத்தாள். முதல் வாரம் தகரத்தின் ஓரத்தில் சூடு தொண்ணூற்றைந்து டிகிரி இருக்க வேண்டும், பிறகு வாரத்துக்கு ஐந்து ஐந்து டிகிரியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் உண்டு. பிரான்சுக்குத் திரும்பிப் போன ஒரு துரை வீட்டுச் சாமான்களை விற்றபோது வாங்கியது. அதில் தொண்ணூற்றைந்து என்றால் குஞ்சு வெந்துவிடும். தெர்மாமீட்டர் சென்டிகிரேட், புத்தகம் பாரன்ஹீட். நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. காய்ச்சல் வந்தால் புதுச்சேரியில் முப்பத்தொன்பது, விழுப்புரத்தில் நூற்றிரண்டு. காய்ச்சல் என்னவோ ஒன்றுதான். பிரெஞ்சுக் கொடி இறங்கி ஆறு வருஷம் ஆகியும் இரண்டு கணக்கும் எங்கள் வீட்டில் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன.

ஆனால் நான் யார்? கணக்கு வாத்தியார். பிரெஞ்சில் படித்தவன், இப்போது இங்கிலீஷிலும் தமிழிலும் சொல்லித்தருகிறவன். கொட்டகைக் கதவில் சாக்பீஸால் போட்டுக் காட்டினேன். தொண்ணூற்றைந்தில் முப்பத்திரண்டு போக அறுபத்துமூன்று. ஐந்தால் பெருக்கு, ஒன்பதால் வகு. முப்பத்தைந்து. பார்த்தாயா தனம்? கச்சிதமாக வருகிறது.

அதன் கீழே எழுதினேன்: முதல் வாரம் முப்பத்தைந்து. இரண்டாம் வாரம் முப்பது. மூன்றாம் வாரம் இருபத்தைந்து. நாலாம் வாரம் இருபது.

கணக்கு தெரிந்த வாசகர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

அஞ்சலை தெர்மாமீட்டரைப் பார்த்தாள். "ஐயா, எனக்கு நம்பரு படிக்கத் தெரியாது. கோடு எங்க நிக்கணும்னு காட்டிடுங்க, நான் வெளக்க ஏத்தி எறக்கிக்கிறேன்" என்றாள்.

ஒரு சிவப்பு நூலை எடுத்து முப்பத்தைந்தில் கட்டினேன். பாதரசம் நூலில் நிற்க வேண்டும். மேலே போனால் திரியை இறக்கு, கீழே வந்தால் ஏற்று. அவ்வளவுதான். வாரா வாரம் நான் வந்து நூலை இறக்கிக் கட்டுவேன்.

முதல் வாரம் அழகாகப் போயிற்று. குஞ்சுகள் தகரத்தைச் சுற்றிப் பரவலாகப் படுத்திருந்தன. நாலு செத்தது, அது எல்லா இடத்திலும் உள்ளதுதான் என்றார்கள். இரண்டாம் வாரம் நூலை முப்பதுக்கு இறக்கினேன். அந்த வாரம்தான் தீனியில் மீன்தூளும் சேர்ந்தது. அந்த வாரம் ஒன்பது செத்தது.

மூன்றாம் வாரம் நூல் இருபத்தைந்துக்கு வந்தது. கூடவே மழை வந்தது. மார்கழி மழை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். கடல் பக்கத்திலிருந்து ஊதல் காற்று. நாள் முழுக்க வெயில் இல்லை.

இரண்டாம் நாள் காலை நான் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தேன். அஞ்சலை கொட்டகை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"ஐயா, குஞ்சுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டுக் கெடக்குது. குளுருது போல. திரியத் தூக்கட்டுங்களா?"

"கோடு எங்க நிக்குது?"

"நூலுலதான் நிக்குது."

"அப்ப விடு. குஞ்சு வளர வளர சூட்டக் குறைக்கணும். புஸ்தகத்துலயே போட்டிருக்குது."

"இல்லீங்க, சத்தமே வேற மாதிரி..."

"நூலுல நிக்குதில்ல? அப்ப சரியாத்தான் இருக்கும்."

"சரிங்க" என்றாள்.

நான் தெர்மாமீட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் குஞ்சுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். குஞ்சு இருந்ததோ அவளுக்கு எதிரில், நான் நின்றதோ செருப்பு மாட்டுகிற இடத்தில். யார் சொல்வதைக் கேட்டிருக்க வேண்டும்?

மறுநாள் காலை தனம் குவியலின் அடியிலிருந்து ஏழு எடுத்தாள். அதற்கடுத்த நாள் எட்டு. தட்டையாக, ஈரமாக, கழுத்து தொங்கிக் கிடந்தன. முறத்தில் போட்டு எடுத்துவந்து தோட்டத்தில் புதைத்தாள். அழவில்லை. ஆனால் சாப்பிட உட்காரவும் இல்லை.

நான் விசாரணையை ஆரம்பித்தேன். எல்லாம் முறைப்படிதான். முதல் வாரம் குஞ்சுகள் நன்றாக இருந்தன. பிறகு கெட்டன. நடுவில் புதிதாக என்ன சேர்ந்தது? மீன்தூள். ஆகவே மீன்தூள். நிரூபிக்கப்பட்டது. கரும்பலகை இருந்திருந்தால் கீழே கோடு போட்டிருப்பேன்.

தனம் அஞ்சலையிடம் கேட்டாள். "அஞ்சல, இந்த மொற தூளு எதுல பண்ண? உப்புக் கருவாடு ஏதாவது கலந்துடுச்சா?"

அஞ்சலை பையிலிருந்து ஒரு சிட்டிகை மீன்தூளை எடுத்து வாயில் போட்டு மென்றாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே விழுங்கினாள்.

"உப்பும் இல்ல, மண்ணும் இல்ல. நீங்களும் போட்டுப் பாருங்க" என்று பையை நீட்டினாள்.

தனம் என்னைப் பார்த்தாள். நான் மேலே உத்தரத்தைப் பார்த்தேன்.

"கோவிச்சுக்காத அஞ்சல. ரெண்டு நாளைக்கு நீ வராத இரு. தூள நிறுத்திப் பாக்கறேன். நானே சொல்லி அனுப்பறேன்" என்றாள் தனம்.

அஞ்சலை பாய் வேலிக்கு மேலாகக் குனிந்து குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபது கோழி பற்றிக் கேட்கவில்லை. பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்து போனாள்.

தூளை நிறுத்தினோம். மறுநாள் ஆறு. அதற்கு மறுநாள் ஏழு.

அன்றைக்குப் புதன்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதற்கு? மீன்தூள் குஞ்சுகளுக்கு ஆகாது என்று எங்கேயாவது எழுதியிருக்கும், அதைத் தனத்துக்குப் படித்துக் காட்டலாம் என்றுதான். நாலாம் பக்கத்தில் மீன்தூள் வந்தது. குஞ்சுகளுக்கு அது ரொம்ப நல்லது என்று எழுதியிருந்தது. உப்பில்லாமல் இருந்தால் போதுமாம்.

எதிர்ப் பக்கத்தில் ஒரு அட்டவணை. வாரா வாரம் எத்தனை டிகிரி என்று. தொண்ணூற்றைந்து, தொண்ணூறு, எண்பத்தைந்து, எண்பது. இந்தப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. கணக்கு வாத்தியாருக்கு அட்டவணை எதற்கு என்று முதல் பக்கத்தோடு மூடிவிட்டேன்.

எண்பத்தைந்தை மனக்கணக்காகப் போட்டேன். முப்பத்திரண்டு போக ஐம்பத்துமூன்று. ஐந்தால் பெருக்கினால்... ஒன்பதால் வகுத்தால்... இருபத்தொன்பதரைக்குக் கொஞ்சம் குறைவு.

கதவில் சாக்பீஸில் என் கையெழுத்து தெளிவாக இருந்தது. மூன்றாம் வாரம் இருபத்தைந்து.

தொண்ணூற்றைந்தை மாற்றினேன். சரி. அந்த ஐந்தை மட்டும் மாற்றாமல் அப்படியே போட்டுவிட்டேன். பாரன்ஹீட் கணக்கில் ஐந்து டிகிரி என்பது நம் தெர்மாமீட்டரில் மூன்றுகூட இல்லை. ஐந்து என்றால் எங்கேயும் ஐந்துதானே என்று கை எழுதிக்கொண்டே போயிற்று. பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். மழைக்காலத்தில், மூன்று வாரக் குஞ்சுகளுக்கு, விளக்கை அணைத்த மாதிரிதான் வைத்திருந்திருக்கிறேன். அதுகள் சூட்டுக்காக ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்தது மூச்சு முட்டிச் செத்திருக்கிறது. அஞ்சலை வாசலில் நின்று சொன்னாளே, அதேதான்.

எழுந்து போனேன். தனம் சமையலறையில் இருந்தாள். கொட்டகைக்குள் நுழைந்து இரண்டு திரியையும் தூக்கினேன். சிவப்பு நூலை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டேன். கதவில் இருந்ததைத் துண்டால் துடைத்தேன். திருடன் மாதிரிதான் செய்தேன், வேறென்ன சொல்ல?

அரை மணி நேரம் ஆகியிருக்கும். குவியல் மெதுவாகப் பிரிந்தது. ஒன்று சிறகைத் தட்டிக்கொண்டு எழுந்து தீனிப் பக்கம் போனது. பின்னால் நாலைந்து. அப்புறம் எல்லாம் தகரத்தைச் சுற்றிப் பரவலாகப் படுத்துக்கொண்டன. அந்த அவலக் கத்தல் நின்று, முதல் வாரம் கேட்ட மெல்லிய கீச்சுச் சத்தம் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷமா, வெட்கமா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

வியாழக்கிழமை காலை ஒன்றுகூடச் சாகவில்லை.

தனம் ஓடிவந்தாள். "ஏங்க, வந்து பாருங்க. ஒண்ணுமே சாகல. நீங்க சொன்னது சரிதாங்க. மீன்தூளு எறங்க ரெண்டு நாளு ஆயிருக்குது. நிறுத்தினதும் தெளிஞ்சிடுச்சு பாருங்க."

வாசகர்களே, சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "நானே சொல்லணும்னு இருந்தேன்" என்று ஆரம்பித்தால் போதும். ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பெருமை இருந்தது. வீட்டுக்காரர் எவ்வளவு சரியாகக் கண்டுபிடித்தார் என்கிற பெருமை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பார்வை எனக்கு அடிக்கடி கிடைத்ததில்லை.

"ம்" என்றேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டேன்.

செய்தது தப்பு என்று தெரியாமல் இருந்தவரை நான் வெறும் முட்டாள். தெரிந்த பிறகு சும்மா இருந்தேனே, அப்போது நான் யார்? பொய் சொல்ல வாயைத் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நான் சும்மா இருக்க, என் பொய் அதுபாட்டுக்கு நெல்லித்தோப்பிலிருந்து கோயிலுக்குப் போய், கோயிலிலிருந்து முத்தியால்பேட்டைக்குப் போய், அங்கே மூன்று வீட்டில் அஞ்சலையை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் எனக்கே திரும்ப வந்து நன்றி சொன்னது.

ஞாயிறு மதியம் தனத்திடம் சொன்னேன். நூலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"புதன்கிழம."

"நாலு நாளா?"

தலையாட்டினேன்.

"குஞ்சு செத்தது போவட்டுங்க. கணக்கு யாருக்கும் தப்பும். அவள வராதன்னு சொன்னது என் வாயி. கோயில்ல சொன்னதும் என் வாயி. நாலு நாளா நான் பேசறதக் கேட்டுக்கிட்டே சோறு தின்னீங்களே..." என்று நிறுத்தினாள். நூலை என் பக்கமே தள்ளிவிட்டு, "நான் எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு அவளண்ட போறது? நீங்க போங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன். மழை விட்டிருந்தது. அஞ்சலை வீட்டு வாசலில் பாயை விரித்து, ஈரம் பட்ட நெத்திலியை மறுபடி காயவைத்துக்கொண்டிருந்தாள். தயங்கி நின்றுவிடக் கூடாது என்று சைக்கிளைக்கூட நிறுத்தாமல், பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த ஐந்து டிகிரியையும் விளக்கினேன். அதை அவள் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"அப்ப குளுருதான்" என்றாள்.

"ஆமா. நீ சொன்னதுதான். நீ நாளைக்கே வந்துடு அஞ்சல. உன் இருபது கோழி அப்படியே இருக்குது. அதுல ஒண்ணும் குறையாது."

அவள் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள். "வர்றேன். குஞ்சுங்க என்னா பண்ணிச்சு பாவம். ஆனா ஐயா, எங்கிட்ட வந்து சொல்லி என்னாங்க ஆவப்போவுது? என் தூளு நல்ல தூளுன்னு எனக்குத் தெரியாதா? அஞ்சு வீட்டுல நிறுத்திட்டாங்க. ஒருத்தரும் காரணம் சொல்லல. போனா கதவத் தெறந்து வேணாம்னு சாத்தறாங்க. அவங்ககிட்ட யாரு சொல்லுவா?"

"நான் ஒவ்வொரு வீடாப் போயி..."

"நீங்க எதுக்கு வீடு வீடாப் போவணும்? அவங்கல்லாம் உங்க பேப்பரு படிக்கிறவங்கதானே. அதுல எழுதுங்க."

எழுதுகிறேன் என்றேன். பெயர் போடாமல் 'ஒரு பெண்மணி' என்று எழுதிவிடுகிறேன், உனக்குச் சங்கடம் இருக்காது என்றேன்.

அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "பேரு போடாம எழுதினா யாருகிட்ட வாங்குவாங்க? எம்பேரு சொல்லித்தானே நிறுத்தினாங்க? அஞ்சலன்னே போடுங்க. அரியாங்குப்பம்னும் போடுங்க. எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டுங்க, அப்புறம் அச்சுக்குக் குடுங்க."

இத்தனை வருஷத்தில் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னிடம் இவ்வளவு கறாராகப் பேசியதில்லை.

திங்கட்கிழமை காலை அஞ்சலை வந்தாள். கொட்டகை வாசலில் தனம் நின்றாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. உள்ளே போகக் கால் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தபோது தனம் தீனித் தட்டில் மீன்தூளைக் கலந்துகொண்டிருந்தாள். அஞ்சலை ஒரு விளக்கின் திரியை இறக்கிக்கொண்டிருந்தாள். தெர்மாமீட்டர் ஆணியில் தொங்கிற்று. அவள் அதன் பக்கமே திரும்பவில்லை. குஞ்சுகள் தள்ளிப் போய்ப் படுத்தால் சூடு அதிகம், குவிந்தால் சூடு போதாது, பரவிக் கிடந்தால் சரி. அவள் அவ்வளவுதான் பார்க்கிறாள். இந்த வாரம் ஒன்றும் சாகவில்லை.

நேற்று இதை எழுதி முடித்தேன். பேச்சுப்படி கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அஞ்சலை உமியைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். தனம் வாசலில் உட்கார்ந்து நொய் புடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படித்தேன். மார்க்கெட்டைப் படித்தேன், நூலைப் படித்தேன். தனம் ஒரு இடத்தில் சிரித்தாள், ஒரு இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அஞ்சலை வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே வந்தாள்.

கடைசிப் பாராவை இப்படி ஆரம்பித்திருந்தேன்: "அரியாங்குப்பம் அஞ்சலையின் மீன்தூளில் எந்தக் குறையும் இல்லை. எங்கள் வீட்டில் முப்பத்தேழு குஞ்சுகள் செத்துப்போனது இந்தப் பத்தியை எழுதுகிறவன் செய்த ஒரு சிறு பிழையால்."

அஞ்சலையின் கை நின்றது.

"சின்னதாங்க அது?" என்றாள்.

பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை அடித்தேன்.

"ம். மேல படிங்க" என்றாள்.